காம்பு கிள்ளிய பாடம்

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஆதார் அட்டையின் இரண்டு பக்கங்களையும் ஒரே தாளில் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள் வங்கியில். கடையிலிருந்த பெண் அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இது நீங்கதானா சார்?"

"எனக்கும் அந்த சந்தேகம் இருக்குதும்மா" என்றேன்.

அந்த நேரத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் உள்ளே நுழைந்தார். அவசரத்தில் இருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஆறாங்கிளாஸ் எல ஒண்ணு குடும்மா. கலர்ல."

"தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமாண்ணா?"

"இங்கிலீஷு. பேரெல்லாம் போட்டே இருக்கணும். போன வாட்டி நீ குடுத்த பூவுல பேரே இல்ல. நான்தான் குந்திக்கினு எழுதினேன். எல்லாமே தப்புன்னு எம்பொண்ணு என்னாண்ட பேச்சையே நிறுத்திட்டா."

அவள் கணினியில் எதையோ தட்டினாள். இயந்திரம் ஒருமுறை உறுமிவிட்டு ஓர் இலையைத் துப்பியது. காம்பு, நரம்பு, நுனி எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி, அம்புக்குறியின் முனையில் பெயர். அவர் அதைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். ஓர் இலையைப் பற்றி ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இட்லி மாவு வாங்குகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

அந்த இலையின் பச்சை இருக்கிறதே, அது எந்த மரத்துப் பச்சையும் இல்லை. நான் அறிவியல் வாத்தியார். வாழ்க்கையில் பாதியை இலைக்குப் பெயர் சொல்லியே கழித்தவன். மாவிலைக்கு ஒரு பச்சை, பூவரசுக்கு ஒரு பச்சை. எனக்குத் தெரிந்த பச்சைகளில் முதலாவது வெற்றிலையின் பச்சை. அது ஈரச் சாக்கின் வாசனையோடும், சுண்ணாம்பு டப்பாவின் காரத்தோடும், கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருக்கும் சென்னை வண்டியின் டீசல் புகையோடும் சேர்ந்து வரும். தனியாக வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

எங்கள் அப்பாவுக்குத் திண்டிவனத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் வெற்றிலைக் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கடை நிரம்பிவிடும். நானும் ஏறிவிட்டால் வாழைப்பழத் தாரைக் கழற்றி வெளியே வைக்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் சைக்கிள் கடை, இன்னொரு பக்கம் டீக்கடை. நடுவில் நாங்கள், ஒரு புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகிய தாள் மாதிரி.

வண்டி நின்று கிளம்புவதற்குள் கை ஓட வேண்டும். ஈரச் சாக்கிலிருந்து இலையை எடுப்பது, தொடையில் ஒரு துடைப்பு, கட்டைவிரல் நகத்தால் காம்பை ஒரு கிள்ளு, நுனியை ஒரு கிள்ளு, இலையைக் கவிழ்த்து முதுகில் ஓடும் நடு நரம்பை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரித்து எறிவது. அப்புறம் சுண்ணாம்பு, பாக்கு, மடிப்பு. அப்பா இதைச் செய்யும்போது இலையைப் பார்க்கவே மாட்டார். வண்டியைப் பார்த்துக்கொண்டு, ஆளைப் பார்த்துக்கொண்டு, அரசியல் பேசிக்கொண்டு செய்வார்.

ஏன் கிள்ள வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஏற்ற காரணம் வைத்திருந்தார். விபூதி பூசியவரிடம் "காம்புல மூதேவி குந்திக்கினு இருக்கா" என்பார். மருந்துக்கடைக்காரரிடம் "நரம்பு வவுத்துக்கு ஆவாதுங்க" என்பார். நான் கேட்டபோது சொன்னார்: "நாம கிள்ளலன்னா வாங்கறவன் கிள்ளுவான். காசும் குடுத்துட்டு வேலையும் அவனே செய்யணுமா?"

எனக்கு அந்தக் காரணம்தான் பிடித்தது. கூடவே அந்த வேலையும் கையில் ஒட்டிக்கொண்டது. எந்த இலை கையில் அகப்பட்டாலும் கிள்ளுவேன். வேப்பிலையைக் கிள்ளுவேன். பூவரசு இலையைக் கிள்ளி, உரிக்க வராத நரம்போடு சண்டை போடுவேன். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு நேரமாகிறதே என்று வாசலில் சாய்ந்து நின்றவன், தலைக்கு மேல் தொங்கிய மாவிலைத் தோரணத்தில் கை எட்டிய வரைக்கும் காம்பு கிள்ளிவிட்டேன். மாப்பிள்ளை உள்ளே நுழையும்போது தோரணம் ஒரு பக்கம் மட்டும் கொட்டியது. பெண் வீட்டார் இன்னும் அதைக் காற்று என்றுதான் நம்புகிறார்கள்.

அப்பாவுக்கு என்னைக் கடையில் உட்கார வைப்பதில் விருப்பமே இல்லை. அவர் பள்ளிக்கூடம் போன கதை மிகச் சின்னது. எதிரே வண்டிக்குக் காத்து நிற்கும் வாத்தியார்களை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது பெரிய கதை. சட்டைப்பையில் இரண்டு பேனாக்களோடு ஒருவர் வந்து வெற்றிலை கேட்டால், அவருக்கு மட்டும் இலையைத் தேடிப் பொறுக்கி எடுப்பார். நான் எப்படியோ தாவரவியலில் பட்டம் வாங்கி, விழுப்புரத்தில் பி.எட். சேர்ந்தபோது அவர் என்னை 'டேய்' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'வாத்தியாரே' என்றார். கிண்டல்தான், ஆனால் அதை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

இங்கே ஒரு சிக்கல். எனக்குப் படம் வரைய வராது. சுமாராக வராது என்பதில்லை, வரவே வராது. நான் வட்டம் போட்டால் அது எந்தப் பக்கம் சரியும் என்று எனக்கே தெரியாது. அறிவியல் வாத்தியாருக்கோ கரும்பலகையில் படம் வரைந்து பாகம் குறிப்பதுதான் பிழைப்பு. பி.எட். செய்முறைத் தேர்வு என்றால், ஒரு பள்ளிக்கூடத்தில் நிஜப் பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்த, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அதில் தோற்றவர்கள் யாருமில்லை என்பார்கள். நான் வந்து அந்தப் பெருமையைக் கெடுத்தேன். தவளை வரையச் சொன்னார்கள். இடுப்பில் இறுக்கி, இரண்டு பக்கமும் புடைத்த மாதிரி எதையோ வரைந்து முடித்துவிட்டு, "இது என்ன?" என்று உற்சாகமாகக் கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "மல்லாட்ட சார்."

அது விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. அவர்களுக்கு மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைப் பற்றிச் சந்தேகம் வராது. தேர்வாளருக்கும் வரவில்லை.

முடிவு தெரிந்த அன்று அப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார். முக்கியமான பேச்சுக்கு மட்டும்தான் அவர் துப்புவார்.

"ஒரு வாட்டி போனா போவுது வாத்தியாரே. அடுத்த வாட்டியும் புட்டுக்கிச்சின்னா, பேசாம வந்து கடையில குந்திக்கோ. எனக்கும் முட்டி வலிக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ராத்திரி சோறு மட்டும் இறங்கவில்லை அவருக்கு. அன்றிலிருந்து என்னைக் கடைப்பக்கமே விடவில்லை. டீ வாங்கிக் கொடுக்கப் போனாலும், "அங்கியே வெச்சிட்டுப் போ. எலயத் தொடாத" என்பார். கை மறக்க வேண்டுமாம். வெற்றிலை மறந்தால்தான் சாக்பீஸ் வருமாம். இதற்கு எந்தப் பி.எட். புத்தகத்திலும் ஆதாரமில்லை, இருந்தாலும் நான் கீழ்ப்படிந்தேன். ஒரு வருஷம் முழுக்க எங்கள் கடையை எதிர்ச்சாரியிலிருந்து, வண்டிக்கு நிற்கிற பயணி மாதிரி பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் முறை எனக்கு விழுந்தது வளவனூரில் ஒரு பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு. பாடம்: இலையும் அதன் பாகங்களும். தவளையைப் பார்க்க இலை தேவலை என்று நினைத்தேன். இலை அசையாது, கால் கேட்காது.

தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள் அதே பிள்ளைகளுக்குப் பயிற்சியாகப் பாடம் எடுக்க வேண்டும். முதல் நாள், "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு இலைய வரைஞ்சி பாகம் குறிங்க, பாக்கலாம்" என்றேன். ஏழுமலை என்று ஒருவன். அவன் மாமா கல்யாணச் சமையல்காரர். பயல் ஊரில் ஒரு பந்தியை விடமாட்டான். வாழையிலையைப் படுக்க வைத்து வரைந்திருந்தான், நுனி இடது பக்கம் இருக்கும்படி ஒழுங்காக. பாகங்களையும் குறித்திருந்தான்: உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், அப்பளம். நடுவில் பெரிதாக வட்டம் போட்டு 'சோறு'.

"இன்னாடா இது?"

"எல சார்."

"பாகம் கேட்டா சாப்பாட்ட எழுதி வெச்சிருக்க?"

"எது எங்க வெக்கணும்னு கரெக்டாதான் சார் போட்டிருக்கேன்."

பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. அவன் வரைந்த நடு நரம்பு என்னுடையதைவிட நேராக இருந்தது.

அடுத்த பெஞ்சில் அஞ்சலை. பேச்சில் எண்ணெய் போட்டுத் தீட்டின கத்தி. "மல்லாட்டத் தழ நாலு எலயா சார், ஒரே எலயா?" என்று கேட்டாள். நான் ஒரே இலைதான், நான்கும் சிற்றிலைகள் என்று கூட்டிலை விளக்கம் கொடுத்தேன். "அப்ப முருங்கக்கீர ஆய்றப்ப எங்கம்மா ஒரு நேரம் பூரா ஒரே எலயத்தான் உருவிக்கினு இருக்குதா?" என்றாள். அறிவியல்படி ஆமாம். ஆனாலும் அதை அவள் அம்மாவிடம் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

என்னோடு படித்தவன் அந்தோணி. விழுப்புரத்துக்காரன், கையில் பென்சில் வந்தால் போதும், தாள் தானாக உயிர்பெறும். தேர்வுக்கு முதல் நாள் சார்ட் அட்டையில் எனக்காக ஒரு மாவிலை வரைந்து கொடுத்தான். என்ன இலை அது! ஓரத்தில் கொஞ்சம் பூச்சி கடித்த மாதிரிகூட வைத்திருந்தான். "கரும்பலக பக்கம் போவாத. இத மாட்டு, குச்சியால காட்டு, பேர் சொல்லு, வந்துடு" என்று பாடமும் எடுத்தான். மொத்த உயிரும் அந்த அட்டையில் இருந்தது எனக்கு.

தேர்வன்று காலையில் அப்பா ஒரு கவுளி வெற்றிலையை வாழைச் சருகில் கட்டிப் பையில் வைத்தார்.

"போற வழியில புள்ளையாருக்கு வெச்சிட்டு ஒரு கும்புடு போட்டுட்டுப் போ. பிரிக்காத, கட்டோட வை. நீ கையில எடுத்துடப் போற."

பிள்ளையார் கோயிலை நெருங்கும்போது திருச்சி வண்டி கிளம்பிவிட்டது. பிள்ளையார் அங்கேயேதான் இருப்பார், திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடி ஏறிவிட்டேன். உட்கார இடமில்லை. சார்ட் கசங்கிவிடக் கூடாதே என்று தலைக்கு மேலே சாமான் தட்டில், ஒரு பலாப்பழ மூட்டைக்குப் பக்கத்தில், பாப்பாவைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்தேன். விழுப்புரத்தில் இறங்கி, பாண்டிச்சேரி வண்டிக்குள் ஏறி, வளவனூருக்கு டிக்கெட்டும் வாங்கிய பிறகுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. என் மாவிலை திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பயணத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒன்றுமே நினைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கடை தெரிந்தது. அதில் சம்மணம் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

வளவனூரில் இறங்கிப் பையைத் தோளில் போட்டபோது இடுப்பில் ஏதோ குளிர்ச்சியாக இடித்தது. வெற்றிலைக் கட்டு. யோசித்துப் பாருங்கள், இலைப்பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நீளமான காம்பு, கூரான நுனி, முதுகில் பிதுங்கிக்கொண்டு நிற்கும் நரம்புகள். ஆளுக்கு ஒன்று கையிலேயே கொடுத்துவிடலாம். 'பொருளைப் பிள்ளைகள் கையால் தொட்டுணர்ந்து கற்க வேண்டும்' என்று எங்கள் புத்தகத்திலேயே போட்டிருந்தது. பிள்ளையாரே நேரில் வந்து ஏற்பாடு செய்துவிட்டார் என்று தோன்றியது. கும்பிடாமல் வந்தவனுக்கு அவர் எதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

தேர்வாளர் ஓர் அம்மாள். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை. அதைவிடக் கஞ்சி போட்ட முகம். உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கட்டைப் பிரித்து வரிசையாக இலை கொடுத்தேன். ஏழுமலை முகர்ந்து பார்த்துவிட்டு, "பாக்கு இல்லியா சார்?" என்றான். அதைக் காதில் வாங்காத மாதிரி நகர்ந்தேன்.

மேடைக்குப் போய் எனக்கும் ஓர் இலையை எடுத்துக்கொண்டேன். "எல்லாரும் இலையக் கையில எடுங்க. நான் செய்யறதப் பாத்து, அதே மாதிரி செய்யுங்க" என்றேன். இலையை உயர்த்திப் பிடித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்குள் அந்த அம்மாள் பையைத் திறந்து பேனாவை எடுத்தார். என் கண் அந்தப் பேனாவில் மாட்டிக்கொண்டது. "செடிக்கு இலைதான் சமையலறை. வெளிச்சம், காத்து, தண்ணி..." என்று வாய் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தது. கையை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி ஓர் இலையை வரைந்தேன். கீரி மாதிரி வந்தது. வாலை மட்டும் நீட்டி, 'இலைக்காம்பு' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன்.

"எங்க, எல்லாரும் இலைக்காம்பத் தொட்டுக் காட்டுங்க, பாக்கலாம்."

யாரும் தொடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காம்பு எங்கம்மா?" என்றேன் அஞ்சலையிடம்.

"கிள்ளிட்டோம் சார்."

"கிள்ளிட்டீங்களா? யார் கிள்ளச் சொன்னது?"

"நீங்கதான சார் கிள்ளுனீங்க. அதே மாதிரி செய்யச் சொன்னீங்க."

என் கையைப் பார்த்தேன். காம்பு இல்லை. நுனி இல்லை. நடு நரம்பு உரிந்து, இலை பாதியாக மடிந்து, சுண்ணாம்புக்குக் காத்துக்கொண்டிருந்தது. என் கால்சட்டையின் தொடையில் துடைத்த ஈரம். வகுப்பைப் பார்த்தேன். எல்லா மேசையிலும் காம்பு போன, நுனி போன இலைகள். வளவனூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் யார் வெற்றிலை போடவில்லை? என்னைவிட வேகமாக முடித்திருந்தார்கள். நான் பெயர் சொல்லிக் கொடுக்க வந்த பாகங்கள் அத்தனையும் பெஞ்சுக்கு அடியில் கிடந்தன. கடைசி பெஞ்சில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தவளையாவது பரவாயில்லை. அது வரையத் தெரியாத குறை. இது, காட்ட வேண்டிய பாகங்களை வாத்தியாரே ஒழித்துக்கட்டிய பாடம். கடை, சாக்கு, முட்டி வலி எல்லாம் ஒருமுறை வந்து போயின.

"சார், இன்னாத்துக்கு முழிக்கிறீங்க?" என்றாள் அஞ்சலை. "கீழதான கெடக்குது. பொறுக்கிக்கலாம்."

சொல்லிவிட்டு அவளே குனிந்துவிட்டாள். அப்புறம் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "பொறுக்குங்க" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வகுப்பே பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. கீழேயிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"டேய், அது என் காம்பு. நான் நீட்டா கிள்ளுனேன்."

"உன்து தோ கெடக்குது, குட்டையா."

"எனக்கு ரெண்டு நுனி வந்திச்சி சார்."

"ஒண்ணத் திருப்பிக் குடுறா, பாவம்."

மேலே வந்தவர்களை நோட்டைத் திறந்து வைக்கச் சொன்னேன். முதலில் இலையை வையுங்கள், அதுதான் இலைப்பரப்பு. அடியில் காம்பை ஒட்ட வையுங்கள். உரித்த நடு நரம்பை அது இருந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். நுனியை மேலே வையுங்கள். இப்போது சுற்றிலும் பென்சிலை ஓட்டி, எது எதுவோ அதன் பெயரை எதிரில் எழுதுங்கள். நான் வரையத் தேவையே இல்லாமல் போனது. துண்டு துண்டாகக் கையில் இருந்ததால் பெயர்களும் குழம்பவில்லை. "என் நடு நரம்ப மிதிச்சிட்டான் சார்" என்று ஒருத்தி அழுதுகொண்டே புகார் சொன்னபோது, இந்தச் சொல்லை இவள் சாகும்வரை மறக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் எழுந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏழுமலையிடம் நின்றார். அவன் நோட்டில் ஒரு காம்பும், ஒரு நுனியும், நீளமாக ஒரு நரம்பும் ஒழுங்காக இருந்தன. நடுவில் வெற்றுத்தாள்.

"இலைப்பரப்பு எங்கப்பா?"

அவனுக்கு வாயைத் திறக்க முடியாத நிலை. அஞ்சலைதான் எடுத்துக்கொடுத்தாள்: "மென்னுக்கினு இருக்கான் மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு என்னை அருகில் கூப்பிட்டார்.

"பாடக்குறிப்புல இந்தக் கிள்றது, பொறுக்கறது எதையும் எழுதலியே நீ."

"இல்லீங்க மேடம்."

"நீயா யோசிச்சி பண்ணுனியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்திடம் பொய் சொன்னால் அது கஞ்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று தோன்றியது. "நான் யோசிக்கல மேடம். கை பண்ணிடுச்சி" என்றேன்.

"வீட்ல வெத்தலக் கடையா?"

"ஆமாங்க மேடம். திண்டிவனத்துல. அப்பாவுது."

அவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். பிறகு கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார்: "எல்லாத்தையும் கிள்ளுன. விளிம்பு ஒண்ணுதான் கிள்ளாம மிச்சம் இருந்திச்சி. அதச் சொல்லாம விட்டுட்டியே." அவ்வளவுதான். பாஸா, பெயிலா என்று அந்த வாக்கியத்திலிருந்து கண்டுபிடிக்க நான் எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். விளிம்பு பற்றி அந்த மாதம் நான் படித்த மாதிரி இந்தியாவில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

முடிவை விழுப்புரத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அந்தோணிதான் என் எண்ணைத் தேடிப் பார்த்தான்; எனக்குக் கண் அந்தப் பக்கம் போகவில்லை. "இருக்குதுடா" என்றான். "விளிம்புல நிக்குற, ஆனா இருக்கற." வண்டி பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கியதும் நேராகக் கடைக்கு ஓடினேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு சாலையைத் தாண்டி வந்து கடையில் நிற்கிறேன். அப்பா யாருக்கோ இலை மடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸுப்பா" என்றேன்.

அவர் கை நின்றது. வெற்றிலையைப் பார்த்தே செய்யாத மனிதர், கையிலிருந்த இலையைக் குனிந்து பார்த்தார். வாங்க வந்தவர் வண்டி கிளம்புகிறதே என்று அவசரப்படுத்தினார். "இருங்க, எம் பையன் வாத்தியாராயிட்டான்" என்றார் அப்பா. வாங்க வந்தவர் வண்டியை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு நடந்ததை முழுதாகச் சொல்லச் சொன்னார். திட்டு விழும் என்று பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளையாரை ஏமாற்றியது உட்பட. கை மறக்கவில்லை என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். அவர் எழுந்து போய் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். முக்கியமான பேச்சு வரப்போகிறது என்று தெரிந்தது.

"நரம்பு முழுசா வந்துச்சா, நடுவுல அறுந்துச்சா?"

"எனக்கு முழுசா வந்துச்சிப்பா. பசங்களுக்குத்தான் அங்கங்க அறுந்துச்சி."

"அதத்தான நீ மொதல்ல சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி ரொம்ப நேரம் துடைத்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் வந்த ஆட்களிடமெல்லாம், "எம் பையன் வளவனூர்ல ஒரு கிளாஸ் பூரா வெத்தல போட வெச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து எனக்கு எது கிடைத்தாலும் முதலில் அந்தக் கடைக்குத்தான் போவேன். வேலை கிடைத்த ஆணை, கல்யாணம் நிச்சயமான சேதி, மகள் பிறந்த சேதி. எல்லாம் அங்கே நின்று, வண்டி உறுமுகிற சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னவைதான்.

அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள், வண்டிகள் நிற்கும் இடம் தள்ளிப் போனது. சைக்கிள் கடை போனது, டீக்கடை போனது. கடையை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு வெற்றிலைச் சாறு சிவந்து கிடந்த மதில், தன் கறைகளோடு இடிந்து லாரியில் ஏறிப் போனது. இது எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இடிக்கும்போது நின்று பார்த்தவன் நான்.

ஆனாலும், தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்த அன்று, ஆணையை விழுப்புரத்தில் வாங்கிக்கொண்டு திண்டிவனத்தில் இறங்கியவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கால் தானாக நடந்தது. நடந்து போய் நின்ற இடத்தில் செல்போன் உறை விற்கிற கடை இருந்தது. கலர் கலராக, திரை மாதிரி தொங்கின.

"இன்னா மாடல் சார்?" என்றார் கடைக்காரர்.

"எச்.எம்." என்று சொல்லப் போனேன். நல்லவேளை, வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. என் போனின் மாடலும் எனக்குத் தெரியாது. சும்மா நிற்கிறேனே என்று கூச்சமாகி, கைக்கு எட்டிய ஒன்றைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மாட்டிப் பார்த்தால் உறையில் கேமராவுக்கான ஓட்டை ஒரு பக்கம் இருந்தது, போனில் கேமரா இன்னொரு பக்கம் இருந்தது. மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த இடத்துக்குப் போய், சேதியைச் சொல்லாமல் நான் திரும்பி வந்தது அன்றைக்குத்தான்.